ராஜா யோசிப்பார்!

“தாத்தா... ராஜா எதுக்கு?”

லண்டனில் மகள் வீட்டுக்குள் காலடி வைத்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. தலையில் சுற்றிய மஃப்ளரைக்கூட அவிழ்க்கவில்லை. (ஜூன் மாசத்தில் மஃப்ளரா என்று கேட்காதீர்கள். என் மனைவியைப் பொறுத்தவரை சமயபுரம் தாண்டினாலே குளிர்ப் பிரதேசம்!) அதற்குள் பேத்தி இப்படியொரு குண்டைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

விஷயம் இதுதான். அவள் பள்ளிக்கூடத்தில் விவாத மேடை. ‘இந்த நாட்டுக்கு ராஜா தேவையா?’ என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு விழுந்தது ‘தேவை’ கட்சி. பன்னிரண்டு வயசு அம்மணிக்கோ ‘தேவையே இல்லை’ என்பது சொந்தக் கொள்கை!

“நீங்கதான் பேப்பரை டெண்டர் நோட்டீஸ் வரைக்கும் விடாமப் படிப்பீங்களே... நாலு பாயின்ட் சொல்லுங்க தாத்தா.”

நான் மாவட்டக் கருவூலத்தில் முப்பத்திரண்டு வருஷம் பில் பாஸ் பண்ணினவன். அதைவிட அதிகமாக, ஆட்சேபணை எழுதி பில்லைத் திருப்பி அனுப்பினவன். குடியரசு நாட்டுப் பிரஜை. ராஜா என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒட்டு மீசையும் அட்டைக் கிரீடமும்தான்.

“யோசிக்கலாம்” என்றேன்.

சமையல் கட்டிலிருந்து என் மகள் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு மாசம் கழித்துத்தான் புரிந்தது.

சாவி வாங்கி வைக்கிறவர்

நான் போனது 2024-ல், சரியான தேர்தல் சீசன். மே 22-ம் தேதி பிரதமர் ரிஷி சுனக் தன் வீட்டு வாசலில் நின்று, கொட்டுகிற மழையில் குடையில்லாமல் தொப்பலாக நனைந்தபடி தேர்தலை அறிவித்திருந்தார். ஓட்டுப்பதிவு ஜூலை 4.

தேர்தல் என்று பெயர்தான். எங்கள் தெருவில் ஒரு கட்-அவுட் உண்டா, மைக் செட் உண்டா? கதவு ஓட்டை வழியாக நாலு துண்டுக் காகிதம் வந்து விழுந்தது. அவ்வளவுதான். “இதுக்குப் பேரு எலெக்‌ஷனா? சாவு வீடு மாதிரி இருக்கு” என்று என் மனைவிக்கு ஏக வருத்தம்.

ஜூலை 5-ம் தேதி காலை டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். சுனக் கட்சி படுதோல்வி. எதிர்க்கட்சிக்கு 650-ல் 400 சீட்டுக்கு மேல். சுனக் வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டார். பின்னால் அவர் மனைவி குடையோடு நின்றுகொண்டிருந்தார். ஆறு வாரம் கழித்துக் குடை கிடைத்துவிட்டது, பதவிதான் போய்விட்டது!

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். சுனக் காரில் ஏறி அரண்மனைக்குப் போனார். ராஜா சார்லஸிடம் ராஜினாமா கொடுத்தார். அவர் வெளியே வந்த பின் கியர் ஸ்டார்மர் உள்ளே போனார். ‘அரசு அமைக்க முடியுமா?’ என்பது கேள்வி. ‘முடியும்’ என்பது பதில். கைகுலுக்கல். முடிந்தது! இதற்குக் ‘கையை முத்தமிடுதல்’ என்று பெயராம். இப்போது யாரும் முத்தமெல்லாம் கொடுப்பதில்லை. ஸ்டேடியம் இல்லை, பந்தல் இல்லை, மாலை மரியாதை இல்லை. எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் ஒரு ஆட்சி போய் இன்னொரு ஆட்சி வந்துவிட்டது.

“தாத்தா, அவர் ராஜினாமா பண்ணிட்டார். இவர் இன்னும் வரலை. நடுவுல யாரு பிரதமர்?”

நல்ல கேள்வி! நடுவில் யாருமே இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் அதிகாரம் மொத்தமும் ராஜா கையில். குடித்தனக்காரர் காலி பண்ணும்போது சாவியை வாங்கி, அடுத்த குடித்தனக்காரரிடம் கொடுக்கிறவர் மாதிரி. ஒன்றே ஒன்று. நடுவில் தானே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளக் கூடாது!

இஷ்டப்பட்டவருக்குச் சாவியைக் கொடுக்கவும் முடியாது. கீழ்ச்சபையான காமன்ஸில் யாருக்குப் பெரும்பான்மையோ அவருக்குத்தான். ஒரு காலத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. 1957-ல் மேக்மில்லனையும் 1963-ல் டக்ளஸ் ஹோமையும் எலிசபெத் ராணி நாலு பெரியவர்களைக் கலந்து பேசித்தான் கூப்பிட்டார். ஏனென்றால் அந்தக் கட்சியில் தலைவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கமே அப்போது கிடையாது. 1965-ல் அந்தக் கட்சியும் ஓட்டுப்போட ஆரம்பித்தது. ராணியின் கையிலிருந்து அந்த வேலையும் நழுவிப் போச்சு.

பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள்: ‘பாயின்ட் ஒன்று - சாவி.’

கதவைச் சாத்து!

ஜூலை 17. புது பார்லிமென்டை ராஜா தொடங்கி வைக்கும் நாள். குதிரை வண்டி, கிரீடம், தரையில் புரளும் அங்கி என்று அமர்க்களம். ராஜா மேல்சபையான பிரபுக்கள் சபையில் சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு, காமன்ஸ் உறுப்பினர்களைக் கூட்டிவர ஆள் அனுப்புகிறார். அந்த அதிகாரிக்கு ‘பிளாக் ராட்’ என்று பெயர். கருங்காலித் தடி ஏந்தியவர். அவர் காமன்ஸ் வாசலை நெருங்குகிறார்...

படார்! முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்கள்!

“அடப்பாவிகளா!” என்று என் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள்.

சம்பிரதாயம்தான். ஆனால் வெறும் விளையாட்டு இல்லை. 1642 ஜனவரி 4-ம் தேதி, ராஜா முதலாம் சார்லஸ் ஐந்து எம்.பி.க்களைக் கைது செய்ய சிப்பாய்களோடு காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். பறவைகள் முன்னாடியே பறந்துவிட்டன. ‘எங்கே அவர்கள்?’ என்று சபாநாயகர் லென்தாலைக் கேட்டார். மனுஷர் மண்டியிட்டார். ஆனால், சபை பார்க்கச் சொன்னால் பார்ப்பேன், பேசச் சொன்னால் பேசுவேன், மற்றபடி எனக்குக் கண்ணும் இல்லை, நாக்கும் இல்லை என்கிற பொருளில் பதில் சொல்லிவிட்டார்! அன்றோடு சரி. சபை நடக்கும்போது எந்த ராஜாவும் அங்கே நுழைவதில்லை. ‘இது எங்கள் வீடு’ என்று வருஷா வருஷம் ஞாபகப்படுத்தத்தான் அந்தக் கதவடைப்பு. தடியால் மூன்று முறை தட்டிய பிறகே திறக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. ராஜா பத்திரமாகத் திரும்பி வரும் வரை ஒரு எம்.பி.யை அரண்மனையில் பிணையாக வைத்துக்கொள்கிறார்கள்! இவருக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை, அவருக்கு இவர் மேல் நம்பிக்கை இல்லை. அந்த அவநம்பிக்கையையே பூப்போட்ட தட்டில் வைத்து விழாவாக்கிவிட்டார்கள்.

பிறகு ராஜா உரை வாசித்தார். ‘என் அரசு இதைச் செய்யும், அதைச் செய்யும்’ என்று. எழுதியது பூராவும் மந்திரிசபை. ஒரு கமா கூட ராஜாவுடையது இல்லை. அதில் ஒரு வரி... பரம்பரைப் பிரபுக்கள், பிறப்பு உரிமையால் மேல்சபையில் உட்கார்ந்து ஓட்டுப்போடுவதை ஒழிக்கப் போகிறார்களாம். வாசித்தவர் யார்? பிறப்பு உரிமையாலேயே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவர்! முகத்தில் ஒரு சுருக்கம் இல்லையே!

இதற்கு முந்தின வருஷம் இதைவிடச் சங்கடம். சார்லஸ் இளவரசராக இருந்த காலத்திலிருந்து சுற்றுச்சூழல், சுற்றுச்சூழல் என்று பல பத்தாண்டுகள் பேசினவர். 2023 நவம்பரில் அவர் வாசித்த உரையில், கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்க வருஷா வருஷம் லைசென்ஸ் வழங்கும் மசோதா! அதையும் வாசித்தார்.

“பாவம்! வாயே கிடையாதா அவருக்கு?” என்றாள் பேத்தி.

உண்டு. ஆனால் மூடிய கதவுக்குள். பிரதமர் வாராவாரம் ராஜாவைப் பார்க்கிறார். கூட யாரும் இருப்பதில்லை, குறிப்பு எடுப்பதில்லை, வெளியே சொல்வதும் இல்லை. எலிசபெத் ராணி இப்படிச் சர்ச்சில் தொடங்கி லிஸ் டிரஸ் வரை பதினைந்து பிரதமர்களைப் பார்த்தவர். கடைசிப் பிரதமரை நியமித்தது 2022 செப்டம்பர் 6. ராணி காலமானது 8-ம் தேதி. சாகிற இரண்டு நாள் முன்னால் வரை சாவி மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

அந்த அறைக்குள் ராஜாவுக்கு மூன்றே உரிமை என்று 1867-ல் வால்டர் பேஜட் என்ற பத்திரிகை ஆசிரியர் எழுதி வைத்தார். தன்னைக் கலந்துகொள்ளச் சொல்லும் உரிமை, ஊக்கம் கொடுக்கும் உரிமை, எச்சரிக்கும் உரிமை. அதற்கு மேல் கிடையாது.

“அட, இது எங்க வீட்டுக் கதைதானே!” என்றேன். “ரிடையர் ஆன நாளிலிருந்து நான்தான் ராஜா. பாட்டி பிரதமர். காலையில என்ன சமையல்னு என்னைக் கலந்துக்குவா. ‘வத்தக்குழம்பு பண்ணேன்’னு ஊக்கம் கொடுப்பேன். ‘போன வாரம் உப்பு ஜாஸ்தி’ன்னு எச்சரிப்பேன். கடைசில உப்புமா வரும்.”

“எச்சரிச்சதுக்குத்தான் உப்புமா” என்றாள் பிரதமர்.

இரண்டு வாள் தூரம்

மறுநாள் மாப்பிள்ளை என்னையும் பேத்தியையும் பார்லிமென்ட் வாசலில் இறக்கிவிட்டார். பார்வையாளர் மாடத்துக்குக் காசு கிடையாது. க்யூவில் நிற்கவேண்டும், ஏர்போர்ட் மாதிரி சோதனை. வாசலருகே ஆலிவர் கிராம்வெல் சிலை. ராஜாவின் தலை போகக் காரணமாக இருந்தவருக்கு ராஜாவின் பார்லிமென்ட் வாசலில் சிலை!

முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் நிற்கிற மண்டபம். முதலாம் சார்லஸை விசாரித்தது இங்கேதான். 1649 ஜனவரி 30-ல் தலையை வெட்டினார்கள். 2022-ல் எலிசபெத் ராணியின் உடலை மக்கள் பார்வைக்கு வைத்ததும் இதே மண்டபம். ராத்திரி பகலாக ஜனங்கள் க்யூவில் நின்று கும்பிட்டுப் போனது இதே கல் தரை மேல்தான்.

“ராஜாவை ஒழிச்சாங்க இல்ல... அப்புறம் ஏன் திரும்பி வந்தார்?” பேத்தி விடவில்லை.

ராஜா போனார். நாற்காலி காலியாக இருந்ததா? இல்லை. கிராம்வெல் வந்தார். 1653-ல் சிப்பாய்களோடு போய் எஞ்சியிருந்த பார்லிமென்டையே கலைத்து விரட்டினார். எந்தக் குற்றத்துக்காக ராஜாவோடு சண்டை போட்டார்களோ, அதையே கிரீடம் இல்லாமல் செய்தார். 1660-ல் ‘பழைய ஆளே தேவலை’ என்று செத்தவரின் மகனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் பழைய அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தால் காமன்ஸ் சபை, டி.வி.யில் பார்ப்பதைவிடச் சின்னது. 650 எம்.பி.க்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் உட்கார இடம் போதாது. பச்சைத் தோல் பெஞ்சுகள் எதிரும் புதிருமாக. நடுவே தரையில் இரண்டு சிவப்புக் கோடுகள். இரண்டு வாள் நீளம் இடைவெளி என்று சொல்கிறார்கள். பேசுகிறவர் கோட்டைத் தாண்டக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ‘இன்ன தொகுதியின் மாண்புமிகு உறுப்பினர்’ என்றுதான். ‘பொய்யர்’ என்று சொல்லக் கூடாது. மற்றபடி கிழிகிழி என்று கிழிக்கலாம்!

அப்படிக் கிழிக்கிறவர்களுக்கு என்ன பட்டம் தெரியுமா? ‘மாட்சிமை தங்கிய ராஜாவின் விசுவாசமான எதிர்க்கட்சி’! எதிர்க்கட்சித் தலைவருக்கு 1937-லிருந்து அரசாங்கமே சம்பளம் தருகிறது. இதைப் படித்ததும் எனக்கு உறைத்தது. விசுவாசம் ராஜாவுக்கு என்று ஆகிவிட்டதால், பிரதமரை எதிர்ப்பது துரோகம் இல்லை. ‘நான்தான் நாடு, என்னைத் திட்டினால் நாட்டைத் திட்டியது போல’ என்று பிரதமர் மார் தட்ட முடியாது. அந்த நாற்காலியில்தான் ஏற்கெனவே ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே!

“பாயின்ட் ரெண்டு, ‘சும்மா உட்கார்ந்திருப்பது’” என்று எழுதிக்கொண்டவள், பேனாவைக் கடித்தபடி கேட்டாள்: “ஆனா தாத்தா, உங்க ஊர்ல அந்த நாற்காலிக்கு ஜனாதிபதியை எலெக்ட் பண்றீங்களே? இங்க மட்டும் ஏன் பொறந்தவரே உட்காரணும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்பவும் தெரியாது.

ஒரே ஒரு ஓட்டு

1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்ததை நம்மில் மறந்தவர் யார்? இந்தச் சபையில் அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே அதே காட்சி நடந்திருக்கிறது.

1979 மார்ச் 28. பிரதமர் காலகன் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆளுங்கட்சி எம்.பி. பிராட்டன் சாகக் கிடக்கிறார். ஆம்புலன்ஸில் வருகிறேன் என்கிறார். வழியிலேயே உயிர் போய்விடும் என்று வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு கட்சியில் ஒருவர் வர முடியாவிட்டால், எதிர்க்கட்சியில் ஒருவர் ஓட்டுப்போடாமல் ஒதுங்கி நிற்பது அங்கே வழக்கம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு. ஆளுங்கட்சித் துணைக் கொறடா வால்டர் ஹாரிசன், எதிர்க்கட்சித் துணைக் கொறடா பெர்னார்ட் வெதரிலிடம் போய் ஓர் ஆளைக் கேட்டார். ‘இந்த மாதிரி ஓட்டெடுப்புக்கு யாரும் வரமாட்டார்கள். ஆனால் நமக்குள் பேச்சு இருக்கிறதே... நானே ஒதுங்கிக்கொள்கிறேன்’ என்றார் வெதரில். ஒதுங்கியிருந்தால் அவர் அரசியல் வாழ்க்கை அன்றோடு அஸ்தமனம். ஹாரிசன் அவர் முகத்தைப் பார்த்தார். ‘வேண்டாம்’ என்று அவரை விடுவித்துவிட்டார்!

ஓட்டு எண்ணிக்கை 311-க்கு 310. அரசு கவிழ்ந்தது. தேர்தல் வந்தது. மார்கரெட் தாட்சர் பிரதமரானார். ஐந்து நாளில் பிராட்டன் இறந்தார். வெதரில் பிற்பாடு அதே சபைக்குச் சபாநாயகராக உட்கார்ந்தார்.

ஒருவர் கையில் ஓட்டு இருந்தது, தர முன்வந்தார். இன்னொருவர் கையில் ஆட்சியே இருந்தது, கேட்டு வாங்க மறுத்தார். இந்த நாட்டின் அரசியல் சட்டம் நம்முடையது போல் ஒரே புத்தகமாக எழுதப்படவில்லை. பாதிக்கு மேல் இப்படித்தான் மனிதர்களின் அடக்கத்தில் ஓடுகிறது. ‘முடியும், ஆனால் செய்யமாட்டேன்.’

ராஜா யோசிப்பார்

வெளியே வரும் வழியில், அங்கே வேலை பார்க்கும் ஒரு வயதான அம்மாளிடம் என் கருவூல புத்தியில் ஒரு சந்தேகம் கேட்டேன்: “பில் பாஸ் ஆனதும் ராஜா கையெழுத்துப் போட மறுத்தால்?”

அம்மாள் சிரித்தார். இரு சபையும் நிறைவேற்றிய மசோதாவுக்கு ராஜா சம்மதத்தை இன்றும் பழைய பிரெஞ்சு மொழியில்தான் அறிவிக்கிறார்களாம். ‘ராஜா விரும்புகிறார்’ என்று அர்த்தம். சரி, மறுப்புக்கு என்ன வாசகம்? ‘முடியாது’ என்று ராஜா சொல்வதாக இல்லையாம். ‘ராஜா யோசிப்பார்’ - அவ்வளவுதானாம்! யோசிப்பார் என்றால் மசோதா காலி. கடைசியாக அப்படி யோசித்தது 1708-ல் ஆன் ராணி, ஸ்காட்லாந்து ஊர்க்காவல் படை மசோதாவுக்கு. அதுவும் மந்திரிகள் சொல்லித்தான். அன்று முதல் முன்னூறு வருஷத்துக்கு மேல் ஒரு மசோதாவைக்கூட ராஜாவோ ராணியோ தடுக்கவில்லை. (கவர்னர் மாளிகையில் மசோதா தங்கி, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஊர்க்காரன் நான். பெருமூச்சு வந்தது.)

‘ராஜா யோசிப்பார்...’

பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தை உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. எங்கேயோ கேட்ட குரல். யார் குரல்? சந்தேகமே இல்லை, என் குரல்தான்!

1994. மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். பூனாவில் ஒரு காலேஜில் கட்டடக் கலை படிக்க இடம் கிடைத்தது. விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். பெண் பிள்ளை, ஆயிரம் மைல், ஹாஸ்டல், செலவு... நான் ‘முடியாது’ என்று சொல்லவில்லை. “யோசிக்கலாம்” என்றேன். தினமும் ஃபாரத்தை மேஜையில் வைப்பாள். தினமும் “யோசிக்கலாம்மா.” கடைசித் தேதியும் போயிற்று. உள்ளூரில் பி.காம். சேர்ந்தாள். இன்று இங்கே ஒரு பேங்கில் கணக்குப் பார்க்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இந்த முப்பது வருஷத்தில் அவள் கேட்டதில்லை.

மாப்பிள்ளையின் ஆட்சேபணை

ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் பார்லிமென்ட் புராணம் பாட, மாப்பிள்ளை மோரை ஊற்றிக்கொண்டே குறுக்கிட்டார்:

“மாமா, எல்லாம் சரி. அடக்கமா இருக்கறவங்க இருக்கற வரைக்கும்தான் இது ஓடும். இல்லேன்னா என்ன ஆகும்னு 2019-ல பார்த்தோமே?”

அந்த வருஷம் அக்டோபர் 31-ல் ஐரோப்பிய யூனியனை விட்டுப் பிரிட்டன் விலகவேண்டிய கெடு. நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து, பார்லிமென்டை ஐந்து வாரம் ஒத்திவைக்கும்படி பிரதமர் போரிஸ் ஜான்சன் ராணிக்கு ஆலோசனை சொன்னார். ‘ஆலோசனை’ என்று பெயரே தவிர, ராணி மீற முடியாத ஆலோசனை! ஆகஸ்ட் 28-ல் மந்திரிகள் ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகைக்கே போய்ச் சம்மதம் வாங்கி வந்தார்கள்.

“ராணி மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே?” என்றாள் என் மனைவி.

“சொன்னா ராணி அரசியல் பண்றாங்கன்னு ஆகும் அத்தை. சொல்லலேன்னா பார்லிமென்ட் பூட்டிக் கிடக்கும். ரெண்டு பக்கமும் அடி. உங்க ‘சும்மா உட்கார்ந்திருக்கிற’ ஆள் அன்னிக்கு எதையும் தடுக்கலை மாமா.”

தடுத்தது வேறு இடம். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஜீனா மில்லர் என்கிற பெண்மணி லண்டனில் வழக்குப் போட்டார். ஸ்காட்லாந்திலும் எம்.பி.க்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். செப்டம்பர் 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: நியாயமான காரணம் இல்லாமல் பார்லிமென்டை அதன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கக் கூடாது. ஆலோசனையே சட்டவிரோதம். ஆகவே ஒத்திவைப்பு நடக்கவே இல்லை என்று அர்த்தம்! மறுநாளே எம்.பி.க்கள் வந்து உட்கார்ந்தார்கள். கோர்ட் ராணியைக் குறை சொல்லவில்லை.

“அடக்கம் இருக்கற வரைக்கும் அடக்கம். இல்லேன்னா கேள்வி கேக்கறதுக்கு ஆளும், கேட்டுத் தீர்ப்புச் சொல்ல இடமும் வேணும். வெறும் ராஜாவை நம்பி நாடு இல்லை மாமா” என்று மாப்பிள்ளை கை கழுவ எழுந்தார்.

எல்லோரும் படுக்கப் போன பின், சமையல் கட்டில் மகள் பாத்திரம் கழுவ, நான் துடைத்து அடுக்கினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்.

“அந்தப் பூனா ஃபாரம்... நான் பண்ணினது தப்பும்மா.”

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினாள்.

“ரொம்ப நாள் வெச்சிருந்தேன்ப்பா அதை. கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் கிழிச்சேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். அம்மாவை, பெரியப்பாவை எல்லாம் கூட்டிட்டு வந்திருப்பேன். ‘யோசிக்கலாம்’னா யார்கூடப்பா சண்டை போடறது?” என்றாள்.

கோபமே இல்லை குரலில். அதுதான் தாங்கவில்லை. ஐந்து வாரம் பார்லிமென்டைப் பூட்டியதற்குப் பதினொரு நீதிபதிகள் கூடினார்கள். எங்கள் வீட்டு பார்லிமென்டை நான் பூட்டியது எத்தனை வருஷம்?

“விடுங்கப்பா. அந்தக் கரண்டியை இன்னொரு தடவை துடைங்க, ஈரம் இருக்கு” என்றாள் மகள்.

தீர்ப்பு

அடுத்த வாரம் பள்ளியில் விவாதம் நடந்தது. பேத்தியின் கட்சி தோற்றுப் போனது. ‘சாவி’, ‘சும்மா உட்கார்ந்திருப்பது’ இரண்டுக்கும் கைதட்டல் கிடைத்ததாம். ‘அந்த நாற்காலியில் ஏன் பிறந்தவரே உட்காரவேண்டும்?’ என்று எதிர்க்கட்சிப் பெண் கேட்டதற்குத்தான் பதில் இல்லையாம். தாத்தாவிடமே இல்லாத பதில்! ஆனால் அந்தப் பெண்ணோடுதான் சேர்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

வந்தவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். கோடை விடுமுறையில் நாடக முகாம். வெளியூரில் ஒரு வாரம் தங்கவேண்டும். பெற்றோர் கையெழுத்து தேவை.

பெண் குழந்தை... வெளியூர்... ஒரு வாரம்... ‘யோசிக்கலாம்’ என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். எனக்கு உள்ள உரிமை மூன்றே மூன்று. “யார் யார் போறா?” என்று கேட்டேன். “போய் ஜமாய்” என்றேன். “மஃப்ளர் எடுத்துண்டு போ” என்று எச்சரித்தேன்.

மகள் பேனாவைத் திறந்தாள். ஃபாரத்தை முழுசாகப் படித்தாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“என்னப்பா... ராஜா என்ன சொல்றார்?”

“ராஜா விரும்புகிறார்” என்றேன்.

“ராஜா இப்படி வந்து நாலு வெங்காயம் உரிச்சுக் கொடுத்தா, நாங்களும் விரும்புவோம்!” என்று உள்ளேயிருந்து பிரதமரின் குரல் வந்தது.

ஆலோசனைதான். ஆனால் மீற முடியாத ஆலோசனை!